தட்டை நிலம் தந்த வரமா?

ஆலந்து என்று நாம் பழக்கத்தில் சொல்லிவரும் நெதர்லாந்து நாட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால், கற்றறிந்தவர்கள்கூட ஒரு விடையை ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். "அங்கே மலை ஏது, மேடு ஏது? பலகைபோல் கிடக்கும் பூமி. ஆகவே ஊரெல்லாம் மிதிவண்டியில் போகிறது. அந்த மண்ணுக்கு வாய்த்த வரம் அது!" என்கிறார்கள். வரமாம் வரம்! எவர் தந்த வரம்? எந்தத் தவத்திற்கு இரங்கித் தந்த வரம்? எதைக் கண்டாலும் வரம் என்றோ விதி என்றோ பெயர் சூட்டிவிட்டால், ஆராயும் வேலை மிச்சம். நாம் அந்த விடையை நம்ப மறுத்து, மோட்டாரின் துணையின்றி ஐந்து நாள்கள் அந்தத் தட்டை நிலத்தையும் கடலோர மணல்மேடுகளையும் மிதிவண்டியிலேயே சுற்றி வந்தோம். கண்டதைச் சொல்கிறோம், தோழர்களே. வரமா அல்லவா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

ரோட்டர்டாம் நகரில், கூட்டம் குறைந்த வேளையாகப் பார்த்து மெட்ரோ இரயிலில் வண்டியையும் ஏற்றிக்கொண்டு, ஹூக் வான் ஹாலந்து என்னும் கடற்கரை ஊரில் வந்து இறங்கினோம். பின்சக்கரத்தின் இருமருங்கும் தொங்கும் இரண்டு பைகள். ஒன்றிலே உடை, மற்றொன்றிலே மழைச்சட்டையும் ரொட்டியும். தெற்கிலிருந்து வடக்கே போவது என்பது நம் திட்டம். அதற்குக் காரணம் உண்டு. அந்நாட்டில் மலை இல்லை. ஆனால் காற்று இருக்கிறது. பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்று, முதுகில் பட்டால் நண்பன். முகத்தில் அறைந்தாலோ பகைவன். எதிர்க்காற்றில் மிதிப்பதற்கென்றே ஒரு போட்டியை 2013-இல் தொடங்கியிருக்கிறார்கள். கிழக்கு ஸ்கெல்டு முகத்துவாரத்தின் குறுக்கே நிற்கும் புயல் தடுப்பணையின் மீது, கடுங்காற்று அடிக்கும் நாளாகத் தேர்ந்து, கியர் இல்லாத சாதாரண வண்டிகளில் நடக்கும் போட்டி அது! 'தட்டை நிலம், தடையற்ற பயணம்' என்று பேசுவோர் ஒருமுறை அங்கே மேற்கு நோக்கி மிதித்துப் பார்க்கட்டும்.

புறப்பட்ட சிறிது நேரத்திலேயே மணல்மேடுகள் சூழ்ந்துகொண்டன. ஒருபுறம் கடலின் ஓசை. மறுபுறம் ஆரஞ்சு நிறப் பழங்கள் செறிந்த முட்புதர்கள். இடையே இரண்டு வண்டிகள் அருகருகே போகும் அகலத்தில் வளைந்தும் நெளிந்தும் செல்லும் பாதை. இயற்கையின் எழில் என்று எழுதக் கை துடித்தது. ஆனால் உற்று நோக்கினால் அந்த மணலிலே மனிதனின் கைரேகை தெரிகிறது. நாம் கடந்துவந்த அந்தக் கரையில், 2011-இல், 2 கோடி கன மீட்டருக்கும் அதிகமான மணலைக் கடலடியிலிருந்து வாரிவந்து கொட்டியிருக்கிறார்கள். 'மணல் மோட்டார்' என்பது அதன் பெயர். தேடிப் பார்த்தால் மோட்டார் எதுவும் அங்கே இல்லை. அலையும் காற்றுமே மோட்டார். குவித்த மணலை அவை ஆண்டுக்கணக்கில் கரை நெடுகப் பரப்பித் தருகின்றன. மேடுகளின் மேல் அசையும் கூரிய புல்லையும், மணல் பறந்துவிடாதிருக்க, தலைமுறை தலைமுறையாக மனிதர் நட்டு வந்திருக்கிறார்கள். ஏனெனில் அந்நாட்டு நிலத்தில் நூற்றுக்கு 26 பங்கு கடல் மட்டத்திற்குக் கீழே கிடக்கிறது. மணல்மேடு அங்கே காட்சிப் பொருள் அல்ல, கோட்டை மதில். குடிநீர்த் தொட்டியும் அதுவே. 1853 முதல் ஆம்ஸ்டர்டாம் நகரம் மணல்மேட்டு நீரைக் குழாய்வழி பெற்றுக் குடித்து வருகிறது. அந்த நீர்க்காப்பு மேடுகளுக்குள் மிதிவண்டிக்கும் இடமில்லை. நடப்போருக்கு மட்டுமே அனுமதி. நாமும் ஓரமாகவே சுற்றிப் போனோம். குறைசொல்ல மனம் வரவில்லை.

1953 சனவரி 31 இரவிலும் மறுநாள் விடியலிலும் தென்மேற்கு மாவட்டங்களின் கரைகளை உடைத்துக்கொண்டு கடல் உள்ளே புகுந்தது. மாண்டவர் 1,836 பேர். ஆண்டவன் அளித்த தண்டனை என்று சொன்னவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஆனால் நாடு அந்தச் சொல்லோடு அமைதியடைந்து உட்கார்ந்துவிடவில்லை. குழு அமைத்தது, கணக்குப் போட்டது, 1958-இல் டெல்டா சட்டம் இயற்றிற்று, அணை எழுப்பிற்று. நீரைக் காக்கும் பொறுப்பைத் தனி மன்றங்களிடம் ஒப்படைக்கும் வழக்கம் அங்கே பதின்மூன்றாம் நூற்றாண்டு தொட்டு வருவது. இன்று அத்தகைய மன்றங்கள் 21. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றிற்குத் தேர்தல்.

ஹேக் நகரைத் தாண்டி, ஸ்கெவனிங்கன் கடந்து, மீண்டும் மேடுகளுக்குள் நுழைந்து காட்வைக் வந்தோம். இங்கே ஒரு வேடிக்கை. 2015 முதல் இவ்வூரின் மணல்மேட்டுக்குள் ஒரு கடற்கரை அணையை மறைத்து வைத்திருக்கிறார்கள்; அதன் பக்கத்திலேயே, மணலுக்கடியில், அறுநூறுக்கும் மேற்பட்ட கார்களுக்கு நிறுத்துமிடம்! மேலே புல்லும் பாதையும் மனிதரும், கீழே கார்கள். எது எங்கே இருக்கவேண்டுமோ அது அங்கே இருக்கிறது என்று நமக்குள் சொல்லிக்கொண்டோம்.

காட்வைக்கிலிருந்து சிறிது தூரம் உள்நாடு நோக்கித் திரும்பினால் ரைன்ஸ்பர்க். பூ வாணிபம் செழித்த ஊர். ஆனால் நாம் தேடிப்போனது பூவை அன்று. ஒரு சிறு வீட்டை. 1661 முதல் 1663 வரை ஸ்பினோசா அங்கே வாழ்ந்தார். கேள்வி கேட்ட குற்றத்திற்காக, 1656-இல், இருபத்துமூன்றே வயதில், ஆம்ஸ்டர்டாம் யூதச் சபையாரால் சபித்து விலக்கப்பட்டவர். அவரோடு பேசக்கூடாது, நெருங்கக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது என்பது கட்டளை. அவரோ கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்துக்கொண்டு, காரணமின்றி எதுவும் நிகழ்வதில்லை என்று எழுதிக்கொண்டிருந்தார். சபித்தவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வீட்டைப் பார்க்க 1920-இல் ஐன்ஸ்டீன் வந்து, வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுச் சென்றார். வாயிலில் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நெடுநேரம் நின்றோம். காரணம் கேள் என்ற மனிதரின் வீட்டு வாசலில், 'வரம்' என்ற சொல் இன்னும் நகைப்புக்குரியதாகத் தோன்றிற்று.

திரும்பும் வழியில் செந்நிறம் பூசிய ஒரு தெரு. நுழைவில் ஒரு பலகை: முன்னே மிதிவண்டியின் உருவம், பின்னே காரின் உருவம், கீழே 'கார் விருந்தாளி' என்னும் பொருள்படும் சொற்கள். வீட்டுக்காரன் மிதிவண்டிக்காரன்; வந்துபோகிறவன் கார்க்காரன்! நமக்குப் பின்னே வந்த கார் ஒலி எழுப்பவில்லை, அவசரப்படுத்தவில்லை, இடம் கிடைக்கும்வரை நம் வேகத்திலேயே ஊர்ந்து வந்தது. இந்தப் பணிவு அந்த ஓட்டுநருக்குப் பிறவியிலேயே வந்ததா? இல்லை, தோழர்களே! இதற்குப் பின்னே குழந்தைகளின் இரத்தம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் அந்நாட்டிலும் கார்தான் முன்னேற்றத்தின் சின்னமாக விளங்கிற்று. சாலைகளை அகலமாக்கினார்கள், மிதிவண்டியை ஓரத்திற்குத் தள்ளினார்கள். 1967-இல் ஆம்ஸ்டர்டாமின் குடியிருப்புகளை இடித்து நகருக்குள்ளேயே நெடுஞ்சாலை கொண்டுவர ஒரு திட்டம்கூடத் தீட்டப்பட்டது. 1971 ஓர் ஆண்டில் மட்டும் சாலைகளில் மாண்டவர் 3,000-க்கும் மேல். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அப்போதும் அந்த நிலம் தட்டையாகத்தான் இருந்தது! பலகைபோல் கிடந்த பூமி ஒரு குழந்தையையேனும் காப்பாற்றிற்றா?

தன் மகளைச் சாலையில் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹோஃப், 1972-இல், தாம் பணியாற்றிய ஏட்டிலே ஒரு கட்டுரை தீட்டினார். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பது தலைப்பு. விபத்து என்று அவர் எழுதவில்லை. கொலை என்று எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார் தெருவில் இறங்கினர்; சாலைகளை மறித்துப் பிள்ளைகளை விளையாட விட்டனர்; வண்டி வண்டியாக ஊர்வலம் போயினர். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வரவே, நவம்பர் 4 தொடங்கிச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தனர், மிதித்தனர், சறுக்கினர். காரில்லாத சாலை எப்படியிருக்கும் என்பதைக் கண்ணாலே கண்டுவிட்டார்கள், கண்டபின் மறப்பார்களா? 1975-இல் மிதிவண்டியோர் சங்கம் பிறந்தது. பாதை கேட்டார்கள், பெற்றார்கள். கார் மோதி மிதிவண்டிக்காரர் காயமுற்றால் இழப்பீட்டுப் பொறுப்பு பெரும்பாலும் காருடையவர் மீதே விழும் என்று சட்டம் சொல்கிறது. அடிபட்டவர் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையானால் தப்பவே வழியில்லை எனலாம். இன்று அங்கே தனி மிதிவண்டிப் பாதைகள் ஏறத்தாழ 35,000 கிலோமீட்டர். 2010 முதல் 2024 வரை பிரதமராயிருந்த மார்க் ருட்டே அலுவலகத்திற்கு மிதிவண்டியில் போவார். அதை எவரும் எளிமைத் திருக்கோலம் என்று பாராட்டுவதுமில்லை.

பொன்னுலகம் கண்டோம் என்று சொல்லமாட்டோம். 2023-இல் அந்நாட்டுச் சாலைகளில் இறந்த 684 பேரில் மிதிவண்டியில் சென்றோரே மிகுதி, முதியோர் பலர். மின்னாற்றல் பூட்டிய வண்டிகள் மணல்மேட்டுக் குறும்பாதையில் நம்மை உரசிக்கொண்டு பறந்தபோது, இவர்களுக்கும் ஒரு 'விருந்தாளி'ப் பலகை வேண்டும் என்று முணுமுணுத்தோம்.

நோர்ட்வைக், சாண்ட்ஃபோர்ட் ஊர்களைக் காற்று முதுகில் தள்ளக் கடந்தோம். வெல்சனில் கால்வாயைத் தாண்டப் படகு, மிதிவண்டிக்குக் கட்டணமில்லை. காஸ்ட்ரிகம் மேடுகளுக்குள் நுழையச் சிறு சீட்டு வாங்கவேண்டும். ஸ்கோர்ல் ஊரில் ஐம்பது மீட்டருக்கும் மேல் உயர்ந்த மணல்மேடு. மேடில்லாத நாட்டில் அதுவே மலை. வழி கேட்க எங்கும் நிற்க நேரவில்லை. பாதைகள் கூடுமிடமெல்லாம் எண் பொறித்த பலகை. போகவேண்டிய எண்களை ஒரு துண்டுத் தாளில் வரிசையாக எழுதிக்கொண்டால் போதும். இந்த ஏற்பாடு 1995-இல் அண்டை நாடான பெல்ஜியத்தில், சுரங்கப் பொறியாளர் ஒருவரின் மூளையில் உதித்தது. நல்லது எங்கே பிறந்தாலும் எடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசி நாள், கடலை விட்டுக் கிழக்கே திரும்பிப் பேம்ஸ்டர் சென்றோம். ஏரியாக இருந்த இடம் அது. காற்றாலைகளை நிறுத்தி நீரை இறைத்தார்கள், 1610-இல் புயல் கரையை உடைத்து மீண்டும் நிரப்பிற்று, மீண்டும் இறைத்தார்கள். 1612-இல் ஏரி வயலாயிற்று. அந்தப் பணியில் ஈடுபட்ட காற்றாலை வினைஞர் லேக்வாட்டர். அப்பெயருக்கு 'வற்றிய நீர்' என்பது பொருள். கடல் மட்டத்திற்கு மூன்று மீட்டருக்கும் கீழே, அளவுகோல் வைத்து வரைந்ததுபோன்ற நேர்ப்பாதையில் மிதித்தோம். சுற்றிலும் கால்வாய், அதில் போகும் படகு நம் தலைக்கு மேலே போயிற்று. தட்டை நிலம் என்கிறார்களே, அந்தத் தட்டையையே இங்கே மனிதன்தான் செய்து வைத்திருக்கிறான்!

பள்ளி விட்டிருந்தது. பிள்ளைகள் இருவர் இருவராக, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டபடி, உரக்கப் பேசிக்கொண்டு வண்டியில் வந்தனர். பெரியவர் எவரும் துணைக்கு வரவில்லை. அவர்களுக்குப் பின்னே ஒரு பால் லாரி மெதுவாக வந்துகொண்டிருந்தது. நாம் பர்மரெண்ட் இரயில் நிலையம் நோக்கித் தெற்கே திரும்பினோம். ஐந்து நாள் நண்பனாயிருந்த காற்று முகத்தில் அறைந்தது. போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது.