மருந்தின் நான்காம் கூறு

மருந்து என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அம்மருந்தை இயற்றுபவன் என்பன அந்நான்கு. முதல் மூன்றையும் எவரும் எண்ணிச் சொல்லிவிடுவர். நான்காவதையும் அவற்றோடு ஒப்ப வைத்து எண்ணியதில்தான் வள்ளுவரின் நுட்பம் விளங்குகின்றது. மருத்துவர் மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நள்ளிரவில் வெந்நீர் வைப்பதும், வேளை தவறாமல் எழுப்பிக் கொடுப்பதும், 'இன்றைக்கு எப்படியிருக்கிறது?' என்று கேட்பதும் உடனிருப்பவரின் தொழில்.

இந்நான்காம் கூறு இல்லாதவிடத்து ஏனைய மூன்றும் எவ்வாறு வீணாகின்றன என்பதை, எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளான இளந்திருநங்கையரின் வாழ்வை முன்வைத்துக் கூற விழைகின்றோம். சங்க மலரில் இப்பொருளுக்கு இடமுண்டோ எனச் சிலர் வினவக்கூடும். நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சுக்கு நம் மலரில் இடமில்லையெனில், வேறெங்குச் சென்று பேசுவோம்?

ஆணாய்ப் பிறந்து பெண்மையை உணர்வோர் தமிழுலகிற்குப் புதியவரல்லர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் திணை, பால் வகுக்கும்போதே இவர்களை நினைவு கூர்ந்து, உயர்திணையிலேயே வைத்து விதி செய்தார். இலக்கணத்தில் அஃறிணைக்குத் தள்ளப்படாதவர்களை வாழ்க்கையில் அவ்வாறு தள்ளியவர்கள் பின்வந்த நாம்தாம். இளங்கோவடிகள் மாதவி ஆடிய பதினோராடல்களை அடுக்குமிடத்துப் 'பேடு' என்னும் ஆடலையும் சேர்த்துள்ளார். மகனைச் சிறை மீட்கக் காமன் பேடியுருக் கொண்டு ஆடியது அது. சேர நாட்டு இளவல் எனப் போற்றப்படும் அடிகளின் காப்பியத்தில் இடம்பெற்ற அவ்வுருவிற்கு, இன்றைய சேர நாட்டிலும் தமிழ் நாட்டிலும் வாடகைக்கு ஓர் அறை கிடைப்பது அரிதாயிருக்கின்றது.

நாம் வாழும் வலியசாலையின் பெயரையும் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும். இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெற்ற காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்பது ஆய்வாளர் பலரது கருத்து. ஆய் வேந்தன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலைக்குக் காந்தளூர்ச் சாலையே முன்மாதிரி என அவன் செப்பேடு கூறுகின்றது. 95 மாணவர்க்கு உணவும் கல்வியும் அளிக்க ஏற்பாடு செய்த அச்செப்பேடு, இன்னின்ன வேதப் பிரிவினர்க்கு இத்தனை இடம் என வரையறுக்கவும் தவறவில்லை. சாலை என்பது அறம் நடக்கும் இடம். ஆயினும் அதன் வாயிலில் யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்னும் வினா அன்றும் இருந்தது. இன்று அதே வினா மருத்துவச் சாலையின் வாயிலில் நிற்கின்றது.

இந்நோயின் வரலாற்றில் தமிழ்நாட்டிற்குத் தனியிடம் உண்டு. 1986-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகளிலேதான் இக்கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தோன்றியது. 2004 ஏப்ரல் முதல் நாள் தொட்டு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து விலையின்றி வழங்கப்படலாயிற்று. கிருமி கண்டறியப்பட்ட எவருக்கும், நோய் முற்றும்வரை காத்திராமல், உடனே மருந்து தொடங்கலாம் என்னும் கொள்கை 2017-இல் வந்தது. இன்று பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை போதும். அதைத் தவறாது உட்கொண்டு, குருதியிற் கிருமியின் அளவு கண்டறிய இயலாதபடி குறைந்து நின்றுவிட்டால், உடலுறவின் வழியே பிறரைத் தொற்றுவதில்லை. ஏனையோர்போல் முழு ஆயுளும் வாழலாம், உழைக்கலாம்.

கேரளத்தில் பரிசோதனை நிலையங்களுக்கு 'ஜ்யோதிஸ்' என்றும், மருந்து வழங்கும் நிலையங்களுக்கு 'உஷஸ்' என்றும் பெயர். ஒன்று ஒளி, மற்றொன்று விடியல். பெயர்கள் அழகியவை, மருந்தும் தரமானது. எனினும் 2021-ஆம் ஆண்டுக் கண்காணிப்புக் கணக்கின்படி, நாட்டின் பொதுமக்களுள் நூற்றுக்கு 0.21 என்னும் அளவில் நின்ற தொற்று, திருநங்கையரிடையே நூற்றுக்கு 3.78 ஆக இருந்தது. அஃதாவது ஏறத்தாழப் பதினெட்டு மடங்கு. கிருமிக்கு ஆண், பெண், திருநங்கை என்னும் வேறுபாடு தெரியாது. வேறுபாடு காட்டுவது நம் சமுதாயமே. வீட்டினின்று துரத்தப்பட்ட பிள்ளைக்குப் படிப்பு நிற்கின்றது. படிப்பு நின்றதால் வேலை இல்லை. வேலை இல்லாமையால் இரத்தலோ பாலியல் தொழிலோ அன்றி வேறு வழியில்லை. அத்தொழிலில் ஆணுறை வேண்டுமென்று வற்புறுத்தும் உரிமையும் பெரும்பாலும் வறியவர்க்கு வாய்ப்பதில்லை. தொற்றின் வேரைத் தேடிச் சென்றால் அது வீட்டு வாயிற்படியில் வந்து நிற்கும்.

மருந்து இருந்தும் இளையோர் ஏன் வருவதில்லை? நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்துப் பிள்ளையின் வாயிலாக இதன் விடையை ஒருவாறு அறிந்துகொண்டோம். தெருவையும் பெயரையும் குறிப்பிட மாட்டோம். அவளது இசைவு பெற்று, அடையாளம் தெரியாவண்ணம் சிலவற்றை மாற்றியே எழுதுகின்றோம்.

மகனாக வளர்க்கப்பட்ட அவள், பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுச் சென்னைக்குச் சென்று, மூத்த திருநங்கை ஒருவரின் ஆதரவில் இருந்தாள். இரண்டாண்டு கழித்து மெலிந்து திரும்பினாள். தந்தை உள்ளே விடவில்லை. தம்பானூருக்கு அருகே தோழியர் சிலரோடு தங்கினாள். நடுவணரசு அலுவலகத்தில் எழுத்தராயிருப்பதால், ஓய்வூதிய விண்ணப்பமோ குடும்ப அட்டை விண்ணப்பமோ எதுவாயினும் நம்மிடம் எடுத்து வருவது அக்கம்பக்கத்தார் வழக்கம். அவ்வழக்கத்தை ஒட்டியே அவளும் ஒரு மாலை வந்தாள். கையில் ஒரு படிவம் இருந்தது.

"மாமா, இதுல விலாசம் எழுதணும். ஆனா ஒரு கடிதம்கூட அப்பா கைக்குப் போயிடக் கூடாது" என்றாள்.

ஒரு மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறாள், தொற்று உறுதியாகிவிட்டது, அடுத்த முறை சென்றபோது, கூட்டம் நிறைந்த கூடத்தில் பழைய ஆண்பெயரைச் சொல்லி உரக்க அழைத்திருக்கின்றனர். சேலையுடுத்தி நின்ற அவள் எழுந்தபோது அத்தனை தலைகளும் திரும்பின, ஒருவர் சிரித்தார். அவள் மருந்து வாங்காமலே வெளியேறினாள். மூன்று மாதம் அவ்வழியே போகவில்லை.

நாம் படிவங்களோடு இருபது ஆண்டுகளாகப் பழகியவர்கள். ஆண், பெண் என்னும் இரு கட்டங்களும் ஒரு பெயர்க்கோடும் எத்துணைச் சிறியவை என்று தோன்றும். அச்சிறு கோட்டில் எழுதப்பட்ட ஒரு சொல், ஓர் உயிரை மருந்தினின்று பிரிக்க வல்லது என்பதை அன்றுதான் கண்டோம்.

மேலும் வினவியபோது வேறு அச்சங்களும் வெளிப்பட்டன. அவள் பெண்மைக்குரிய ஹார்மோன் உட்கொண்டு வந்தாள். கிருமிக்குரிய மாத்திரை அதன் பயனைக் கெடுத்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கின்றனர். இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டுமெனில் அவளும் அவள் தோழியரும் ஹார்மோனையே தேர்வார்கள். உயிர் வாழ்வதனினும் தாமாக வாழ்வது அவர்களுக்குப் பெரிது. உண்மையில், இன்று முதல் வரிசையில் வழங்கப்படும் டோலுடெகிராவிர் கலந்த மாத்திரை அத்தகைய ஹார்மோன்களோடு குறிப்பிடத்தக்க முரண் கொள்வதில்லை. இதைச் சொல்ல ஒரு மருத்துவருக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் கேட்கும் துணிவு அவளுக்கு வரவேண்டும். நகையாமல் விடை சொல்லும் முகம் எதிரே இருக்கவேண்டும். ஆலோசனை மலையாளத்தில் நடக்கும் ஊரில், தமிழிலேயே அழுது பழகிய பிள்ளைக்கு மொழியும் ஒரு மதிலாயிற்று.

சட்டத்தைப் பொறுத்தவரை குறையொன்றும் பெரிதில்லை. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநரின் பாலின அடையாளத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2008-இலேயே தமிழ்நாடு திருநங்கையர்க்கு நலவாரியம் அமைத்தது; 2015-இல் கேரளம் திருநர் கொள்கையை வெளியிட்டது. எச்.ஐ.வி. பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒருவரின் தொற்று நிலையை அவரது இசைவின்றி வெளியிடலாகாது. வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் வேறுபாடு காட்டலாகாது. அதை அவளுக்குத் தமிழிற் படித்துக் காட்டினோம். "இதெல்லாம் எனக்கும் சேர்த்தா எழுதியிருக்கா?" என்று வினவினாள். அவ்வினா இன்னும் நம் செவியில் நிற்கின்றது.

மறுவாரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் உஷஸ் நிலையத்திற்கு உடன் சென்றோம். நாம் செய்தது பெரிதன்று, பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தோம், வரிசையில் நின்றோம், எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே மேசையில் தெரிவித்தோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்த சோதனையில் கிருமி கண்டறிய இயலாத அளவிற்குக் குறைந்திருந்தது.

அதைவிடப் பெரியது அவள் தாய் செய்தது. மாத்திரையை ஒவ்வொரு நாளும் குறித்த வேளையில் உட்கொள்ள வேண்டும் என்று மகளிடமிருந்து கேட்டறிந்த அவ்வம்மையார், அந்திவிளக்கேற்றும் நேரத்தைக் குறித்துக்கொண்டார். விளக்கை ஏற்றியவுடன் கொல்லைப்புறம் சென்று தொலைபேசியில் ஒரே ஒரு சொல் கேட்பார்: "போட்டுண்டியா?" தந்தை இன்றளவும் மகளோடு பேசுவதில்லை. ஆனால் அவ்வேளையில் மனைவி எங்கே செல்கிறாள் என்று அவர் கேட்பதுமில்லை. அம்மௌனம் இசைவாக மாறுமோ, மாறாதோ, அறியோம்.

பதினெட்டு வயது நிரம்பாதவர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவர்களுக்குப் பரிசோதனை செய்யப் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவு வேண்டும். எந்தப் பெற்றோருக்கு அஞ்சி ஓடினரோ, அவர்களது கையெழுத்தையே கொண்டுவா என்றால் அப்பிள்ளை எங்கே செல்லும்? குடும்பம் கதவடைக்கும்போது மருத்துவமனையின் கதவும் தானே அடைபடுகின்றது.

ஐதராபாத்து நகரில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறவேண்டும். 2021 சனவரியில் அங்கே திருநர்க்கென்றே 'மித்ர்' என்னும் மருத்துவ நிலையம் தொடங்கப்பட்டது. மித்ர் என்பதற்கு நண்பன் என்பது பொருள். திருநரே அங்குப் பணியாற்றினர். ஹார்மோன் பற்றிய ஆலோசனை, மனநல ஆலோசனை, எச்.ஐ.வி. பரிசோதனை, மருந்து ஆகியவை ஒரே கூரையின்கீழ்க் கிடைத்தன. ஹார்மோனைப் பற்றிக் கேட்க வந்தவர் கிருமிப் பரிசோதனையும் செய்துகொண்டு திரும்புவார். வேண்டியதைக் கொடுத்தால் தேவையானதையும் பெற்றுக்கொள்வர் என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. அமெரிக்க அரசின் உதவியால் நடந்த அந்நிலையம், 2025-இன் தொடக்கத்தில் அவ்வுதவி நிறுத்தப்பட்டவுடன் மூடப்பட்டது. சில மாதங்களுக்குப் பின் டாட்டா அறக்கட்டளையின் துணையோடு 'சப்ரங்' என்னும் பெயரில் ஐதராபாத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. கடல் கடந்த தலைநகரில் இட்ட ஓர் ஆணை, ஐதராபாத்தில் ஒரு நண்பனின் கதவை மூட வல்லதாயிற்று. பிறர் தரும் பொருளால் முதல் மூன்று கூறுகளையும் வாங்கலாம். நான்காம் கூற்றை மட்டும் உள்ளூரிலேதான் தேடவேண்டும்.

உடனிருப்போர் வாய்த்தால் இவர்கள் எவ்வளவு உயர்வர் என்பதற்கு மதுரையிற் பிறந்த நர்த்தகி நடராஜ் சான்று. இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த அவருக்குத் தோழி சக்தி உடனிருந்தார். தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளை ஆசானாக வாய்த்தார். 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற முதல் திருநங்கை அவரே. அந்நால்வருள் ஒருவரான வடிவேலு, சுவாதித் திருநாளின் அவையில் இத்திருவனந்தபுரத்திலேயே போற்றப்பட்டவர். அம்மரபின் ஆடலைக் கேட்டு நெகிழும் நம் செவி, அதே மரபை ஏந்தி நிற்கும் திருநங்கையரின் குறையைக் கேட்கவும் பழகவேண்டாமா?

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு மானம் பெரிது. அயலூரில் நற்பெயரே நம் முதற்சொத்து என்று முன்னோர் கற்பித்தனர். ஆயின் பிள்ளையை இழந்து காக்கும் பெயர் யாருக்குப் பயன்படும்? மொழி தெரியாத ஊரில் முதன்முதலில் வந்திறங்கியபோது, ஒரு திண்ணையும் ஒரு வாய்ச் சோறும் தந்தவர்களால் வேரூன்றியவர்கள் நாம். உடனிருப்பதன் அருமையை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். தமிழ் மட்டுமே அறிந்த இளந்திருநங்கையர் மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் உடன் சென்று மொழிபெயர்க்கவும், படிவம் எழுதவும் நால்வர் முன்வந்தால் போதும். கட்டடமோ நன்கொடையோ வேண்டுவதில்லை. பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை எவ்வுடையில் வந்து நின்றாலும் முதலில் உள்ளே அழையுங்கள், வினாக்கள் பிறகாகட்டும். மருத்துவரும் மருந்தும் நகரத்தில் உள்ளனர். நான்காமவர் நம் வீடுகளிலேயே இருக்கின்றார். அவர் எழுந்து வந்து கதவைத் திறக்கவேண்டும்.