கலேவெலக்கு மேலே ஒரு காலை

கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் பிரயாணம் செய்வோரில் கலேவெலயைக் கடந்து சென்றவர் பலர். அங்கே இறங்கியவர் சிலரே. குருநாகலைத் தாண்டித் தென்னந்தோப்புகள் குறைந்து, ஈர மண் வறண்ட மண்ணாக மாறத் தொடங்கும் இடத்தில், தம்புள்ளைக்கு அரை மணி நேரப் பயணத்துக்கு முன்பாக, மாத்தளை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் அமைந்துள்ளது இச்சிற்றூர். கடைத்தெருவில் சிங்களமும் தமிழும் கலந்து ஒலிக்கின்றன. சாலையை விட்டு உள்ளே சென்றால் வயல்களும், குளங்களும், சிறுபோகத்தில் பெரிய வெங்காயம் பயிராகும் தோட்டங்களும் கண்ணுக்கு விருந்தாகின்றன.

நாம் அங்கு சென்றது ஒரு மே மாதத்தில். ஊர் பார்க்கும் ஆவல் ஒருபுறமிருக்க, மனப்பாரத்தைச் சற்று இறக்கிவைக்கும் எண்ணமே எம்மை அழைத்துச் சென்றது எனலாம். அந்தப் பாரம் யாதென்பதை வாசகர்களிடம் மறைப்பானேன்?

நாம் தொழிலால் விமானி அல்லோம். சிறு வயது ஆசையால் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, நாற்பது மணி நேரத்துக்கு மேல் பறந்து பயின்று, தனியார் விமானிக்குரிய அனுமதிப் பத்திரம் பெற்றவர். முந்தைய ஆண்டு ஒருநாள் மாலை, ஒரு சிறு விமானத்தைத் தரையிறக்கும்போது வேகம் சற்று மிகுந்துவிட்டது. சக்கரங்கள் ஓடுபாதையில் பட்டதும் விமானம் பந்துபோல் மேலே துள்ளியது. அந்நேரம் செய்யத்தக்கது ஒன்றே: இயந்திரத்துக்கு முழு விசை கொடுத்து மீண்டும் மேலெழுந்து, ஒரு வட்டம் சுற்றி வந்து, புதிதாக இறங்குவது. நாமோ பதற்றத்தில் விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினோம். இரண்டாம் துள்ளல் முதலாவதைவிடப் பெரிதாயிற்று. மூன்றாவதில் முன்சக்கரத்தின் கால் முறிந்தது. சுழல்விசிறி தரையில் மோதி வளைந்தது. எமக்குக் காயமில்லை. ஆனால் அன்று முதல் விமானத்தளத்தின் பக்கமே நாம் தலைகாட்டவில்லை. வீட்டில் எவரும் எம்மைப் போகவேண்டாமென்று தடுக்கவில்லை. நாமே எம்மைத் தடுத்துக்கொண்டோம்.

கலேவெலயில் எமது தந்தையாரின் பழைய நண்பரான ஒரு முஸ்லிம் பெரியவர் இருக்கிறார். அவர் வீட்டில்தான் தங்கினோம். மறுநாள் காலை தமது தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். முந்திய ஆண்டு, வெங்காயம் பிடுங்கும் தறுவாயில் எதிர்பாராத மழை பெய்து, விளைந்ததில் பெரும்பகுதி அழுகிப்போயிற்றாம். அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. புதிய நாற்றுமேடைகளுக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“இந்த முறை எவ்வளவு போடுகிறீர்கள், வாப்பா?” என்று கேட்டோம்.

“பாதிதான், தம்பி. நட்டமான பிறகு முழுக்கவும் போடுகிறது வீம்பு. ஒன்றுமே போடாமல் விடுகிறது பயம். பாதியைப் போட்டு, போன வருஷம் எங்கே பிழைத்தது என்று பார்க்கிறேன். வடிகாலை ஆழமாக்கியிருக்கிறேன்” என்றார்.

எமது கதை அவருக்குத் தெரியாது. ஆயினும் அந்த வடிகாலை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். நடந்த பிழையை நாம் நூறு முறை நினைத்து வருந்தியிருந்தோம். ஒரு முறையேனும் அதை ஆராய்ந்து திருத்த முயன்றதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகாய விமானத்தின் வரலாற்றில் இத்தகைய இடறல்கள் அபூர்வமல்ல. 1930 மே 5ஆம் திகதி இங்கிலாந்தின் குரொய்டனிலிருந்து தன்னந்தனியாக அவுஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்ட ஏமி ஜோன்சன் என்ற பெண்மணி, பர்மாவில் இரங்கூனை அடுத்த இன்செயினில் ஒரு விளையாட்டு மைதானத்தில் இறங்கியபோது, விமானம் பள்ளத்தில் பாய்ந்து சேதமுற்றது. அவர் அதைப் பழுதுபார்த்துக்கொண்டு மீண்டும் பறந்து, மே 24இல் டார்வின் நகரை அடைந்தார். அத்துடன் முடிந்ததா? சில நாட்களில் பிரிஸ்பேனில் இறங்கும்போது விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. அவரோ 1932இல் கேப்டவுனுக்குத் தனியாகப் பறந்தார்.

ஊர் திரும்பியதும் பயிற்றுநரைச் சந்தித்தோம். அவர் கடிந்துகொள்ளவுமில்லை, தட்டிக்கொடுக்கவுமில்லை. “முதலில் இறங்கப் பழகவேண்டாம், இறங்காமல் திரும்பி எழும்பப் பழகுவோம்” என்றார். ஓடுபாதையை நெருங்குவதும், தொடுமுன் விசை கொடுத்து மேலெழுவதுமாகப் பல காலைப்பொழுதுகள் கழிந்தன. பின்னர் அவர் அருகிலிருக்க இறங்கினோம். அதன் பின்னரே தனியாக.

ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள், பயிற்றுநருடன் இரத்மலானையிலிருந்து சிகிரியாவுக்குப் புறப்பட்டோம். தேசப்படத்தில் இவ்விரண்டுக்கும் இடையே நேர்கோடு வரைந்தால், குருநாகலும் கலேவெலயும் ஏறக்குறைய அக்கோட்டின் மீதே அமைவதைக் காணலாம். வான்வழித் தூரம் 150 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். சிறு விமானத்தில் ஒரு மணி நேரப் பயணம். குருநாகலின் பாறைக் குன்றுகள் பின்தங்கின. தென்னைகளின் கரும்பச்சை வெளிறி, குளங்கள் ஒவ்வொன்றாக வெயிலில் மின்னின. கலேவெலச் சந்தி வெள்ளைக் கூரைகளின் சிறு கொத்தாகத் தெரிந்தது. பெரியவரின் தோட்டத்தைக் கண்டோமென்று சொன்னால் அது பொய்யாகும். மேலிருந்து எல்லாத் தோட்டமும் ஒன்றுபோலவே இருந்தன. ஆனாலும் தலை தாழ்த்தி வணங்கினோம்.

பத்து நிமிடத்தில் சிகிரியா விமானத்தளம் எதிர்ப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை பயன்படுத்திய தளம் அது. இன்று இலங்கை விமானப்படையின் பொறுப்பில் உள்ளது. காற்று சற்றுக் குறுக்காக வீசியது. சக்கரங்கள் தரையில் பட்டன, விமானம் துள்ளியது. அதே துள்ளல்! நெஞ்சு அடைத்தது; ஆனால் கை பழகியதைச் செய்தது. முழு விசை கொடுத்தோம், விமானம் மேலெழுந்தது. பயிற்றுநர் வாய் திறக்கவில்லை. சிகிரியாக் குன்றை இடையிடையே பார்த்தவாறு ஒரு வட்டம் சுற்றி வந்தோம். இரண்டாம் முறை சக்கரங்கள் தரையைத் தொட்டது எமக்கே தெரியாத அளவுக்கு மென்மையாக இருந்தது.

அன்று மாலை கலேவெலக்குத் தொலைபேசியில் பேசி, அறுவடை எப்படி என்று விசாரித்தோம். “பாதிக்குப் பாதி பிழையில்லை, தம்பி. வெங்காயம் காய்கிறது. அடுத்த முறை முக்கால்வாசி போடலாம்” என்றார் பெரியவர்.

எமது கணக்கும் ஏறக்குறைய அதுவே.