பனியில் போட்ட கணக்கு

அகதியாக வெளிக்கிடுபவரின் பையில் என்ன இருக்கும் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1938 யூலையில் பேர்லினை விட்டு ஒல்லாந்து எல்லையைக் கடந்த லீஸ மைட்னரிடம் 10 மார்க் இருந்தது. எல்லைக் காவலருக்குக் கொடுக்க நேர்ந்தாலும் என்று, சக ஆய்வாளர் ஒட்டோ ஹான் கொடுத்த மோதிரமும் இருந்தது. யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வயது 59. 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த நகரத்தையும் ஆய்வுகூடத்தையும் இழந்து ஸ்டொக்ஹோமில் ஒதுங்கினார்.

உயர்தர வகுப்பில் கருப்பிளவைத் தமிழிலேயே படித்தவர்கள் எம்மில் பலர். பிறகு இங்கு வந்து உணவகங்களில் கோப்பை கழுவினோம். அந்தப் பாடத்தின் பின்னால் ஓர் அகதி நின்றதைப் பாடப்புத்தகம் எமக்குச் சொல்லவில்லை.

அந்த டிசம்பரில் ஹானிடமிருந்து கடிதம் வந்தது. யுரேனியத்தை நியூத்திரன்களால் தாக்கினால் பேரியம் கிடைக்கிறது, இது எப்படி என்று கேட்டிருந்தார். அதுவரை அணுக்கருவிலிருந்து சிறு துணுக்குகள் கழன்றதைத்தான் கண்டிருந்தார்கள். நத்தாருக்குச் சுவீடனின் குங்எல்வ் என்ற சிற்றூரில் தங்கியிருந்த மைட்னரும், கொப்பன்ஹேகனிலிருந்து வந்த அவரது பெறாமகன் ஒட்டோ பிரிஷும் பனியில் நடந்துபோய், ஒரு மரக்குற்றியில் அமர்ந்து துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள்.

அணுக்கருவை ஒரு நீர்த்துளியாக நினைத்துப் பார்த்தார்கள். மேற்பரப்பிழுவை துளியை உருண்டையாக வைத்திருக்கப் பார்க்கும். உள்ளிருக்கும் புரோத்தன்களோ ஒன்றையொன்று தள்ளும். 92 புரோத்தன்கள் உள்ள யுரேனியத்தில் இந்தத் தள்ளுகை மேற்பரப்பிழுவையை ஏறக்குறைய இல்லாமலாக்கிவிடுகிறது. ஒரு நியூத்திரன் புகுந்ததும் துளி நீண்டு, இடை ஒடுங்கி, இரண்டாகிறது. பேரியத்துக்கு 56, கிரிப்தனுக்கு 36. கூட்டினால் 92. ஒன்றையொன்று தள்ளிப் பறக்கும் துண்டுகளின் சக்தி சுமார் 200 மில்லியன் இலத்திரன்வோல்ற்று. இவ்வளவும் எங்கிருந்து வந்தது? கருக்களின் திணிவைக் கணிக்கும் சூத்திரம் மைட்னருக்கு மனப்பாடம். பிளவில் ஒரு புரோத்தனின் ஐந்திலொரு பங்கு திணிவு குறைகிறது. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் அதுவும் 200தான். ஆய்வுகூடம் பறிபோயிருந்தது. மனதில் இருந்த சூத்திரத்தை எந்த எல்லையிலும் எவரும் பறிக்கவில்லை.

துளி எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. வெறும் துளியென்றால் சமபாதியாக உடைய வேண்டும். யுரேனியம் பெரும்பாலும் சமமின்றியே உடைகிறது. கருவுக்குள் துகள்கள் ஓடுகளாக அடுக்கப்பட்டிருப்பதையும் சேர்த்துக் கணிக்கும் வழியை 1967இல் ஸ்ட்ருட்டின்ஸ்கி தந்த பிறகே அந்தச் சமமின்மை பிடிபடத் தொடங்கியது.

ஹானும் ஸ்ட்ராஸ்மனும் 1939 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரையின் ஆசிரியர்களில் மைட்னர் இல்லை. அவரும் பிரிஷும் எழுதிய விளக்கம் பெப்ரவரியில் வந்தது. 1944க்கான இரசாயனவியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டுமே கிடைத்தது. 109ஆம் மூலகத்துக்கு மைட்னேரியம் என்று பெயர் உறுதியானது 1997இல். அவர் இறந்து 29 ஆண்டுகளின் பின்.

அணுகுண்டு செய்யும் வேலைக்கு அவரையும் அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டார். குண்டு விழுந்த ஊர்களிலிருந்து வந்த எமக்கு, கிடைக்காத பரிசைவிட அந்த மறுப்பே பெரிதாகப் படுகிறது. எமது பிள்ளைகளுக்குக் கருப்பிளவைச் சொல்லிக்கொடுக்கும்போது அதையும் சேர்த்தே சொல்கிறோம்.