நெட்வொர்க் தம்பியும் நானும்

போன வாரம் என் பேத்தி ஒரு வேலை அறிவிப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மத்திய அரசில் நெட்வொர்க் பொறியாளர் பதவி. ஊதிய நிலை 7, தொடக்கச் சம்பளம் ரூ.44,900. அதற்குக் கீழே நிலை 6 என்றால் ரூ.35,400, மேலே நிலை 10 என்றால் ரூ.56,100. ஆக, நடுத்தரப் படி.

"தாத்தா, ஆபீஸ் இங்கிலீஷ் உங்களுக்குத்தான் புரியும். உள்ள போனா நிஜமா என்ன வேலை இருக்கும்னு சொல்லுங்க" என்றாள்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏனென்றால் இப்படி ஒரு பதவிக்கான கடமைப் பட்டியலை ஒரு காலத்தில் நானே எழுதியிருக்கிறேன். அந்தப் பட்டியலோடு சேர்ந்த ஒரு கதையும் இருக்கிறது. வீட்டில்கூடச் சொல்லாத கதை.

நம் வாசகர்களுக்குத் தெரியும், நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு 12 வயது. பிரெவே பாஸ் செய்துவிட்டு, ஆங்கிலத் தட்டச்சு கற்றுக்கொண்டு, எல்.டி.சி.யாக உள்ளே நுழைந்தவன். எனக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தது ஆபீஸ் கோப்புகள்தான்.

2007 வாக்கில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு நெட்வொர்க் பொறியாளரை ஒப்பந்தத்தில் எடுக்க முடிவாயிற்று. கல்வித் தகுதி, கடமைகள் எழுதும் வேலை என் மேசைக்கு வந்தது. ரவுட்டர் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. ஆனால் குமாஸ்தாவுக்குத் தெரியாதது என்று ஒன்று உண்டா? வேறொரு துறையின் பழைய கோப்பைப் பார்த்து எழுதினேன். தகுதி: கணினி அறிவியல் அல்லது மின்னணுத் தொடர்பில் பி.இ., அல்லது எம்.சி.ஏ.; இரண்டாண்டு அனுபவம்; சி.சி.என்.ஏ. சான்றிதழ் இருந்தால் விரும்பத்தக்கது. கடமைகள்: வலையமைப்பை நிறுவுதல், பராமரித்தல், கண்காணித்தல், பழுது நீக்குதல். கடைசியில், வழக்கமாகச் சேர்க்கும் அந்த வரி: "அவ்வப்போது மேலதிகாரிகள் இடும் பிற பணிகள்."

அந்தக் கடைசி வரிதான் வந்த பையனைத் தின்றுவிட்டது. இருபத்தாறு வயது இருக்கும். பிரின்டரில் காகிதம் சிக்கினால் தம்பி. கீபோர்டில் டீ கொட்டினால் தம்பி. தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் அச்செடுக்கத் தம்பி. அதிகாரி வீட்டு இணையம் நின்றாலும் தம்பி. அவன் உண்மையான வேலையை ஆறு மணிக்கு மேல் எல்லோரும் போன பிறகுதான் செய்வான்.

ஒரு நாள் நான் கேட்டேன், "அந்தப் பெட்டிக்குள்ள என்னதான் தம்பி இருக்கு?" பொறுமையாக அழைத்துப் போய்க் காட்டினான். எங்கள் பள்ளியில் 'லெசோன் தெ ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. இலை என்றால் இலையைக் கையில் கொடுத்துத்தான் வாத்தியார் பேசுவார். அந்த மாதிரி இருந்தது அன்றைய பாடம்.

"சார், ஸ்விட்ச்ங்கிறது உங்க பியூன் மாதிரி. ஒரே கட்டடத்துக்குள்ள எந்த மேசைக்கு எந்தத் தபால்னு தெரியும். ரவுட்டர் டெஸ்பாட்ச் செக்‌ஷன். வெளியூர்த் தபாலை எந்த வழியில அனுப்பணும்னு பார்க்கும். ஃபயர்வால் கேட் வாட்ச்மேன்" என்றான். செம்புக் கம்பியில் நூறு மீட்டர்தான் கணக்கு, அதற்கு மேல் போனால் கண்ணாடி இழை வேண்டும் என்றான். ஒவ்வொரு கணினிக்கும் நான்கு எண் சேர்ந்த முகவரி, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஒரே முகவரி இரண்டு கணினிக்கு விழுந்தால் சண்டை. ஒரே எண்ணில் இரண்டு கோப்பு இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா! எங்கள் முகவரிகள் 192-இல் தொடங்கின. அதை பிரெஞ்சில் 'நூறு, நாலு இருபது, பன்னிரண்டு' என்றுதான் சொல்லவேண்டும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்தச் சமயத்தில்தான் அவன் ஒரு குறிப்பு கொடுத்தான். மேசைகளுக்கு அடியில் கிடக்கும் மலிவு ஸ்விட்சுகளை எடுத்துவிட்டு, கட்டுப்படுத்தக்கூடிய நல்ல ஸ்விட்சுகள் வாங்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மூலையில் நடக்கும் தவறு கட்டடம் முழுவதையும் நிறுத்திவிடும் என்று எழுதியிருந்தான். நான் அதில் "நிதி ஒதுக்கீடு இல்லை; அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்" என்று நோட் போட்டு மேலே அனுப்பினேன். மேலேயும் கையெழுத்து விழுந்தது.

2009-இல் ஆயுத பூஜை மாதக் கடைசியில் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மின்சாரத்தை அணைத்துவிட்டு, மேசைகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். என் மேசைக்கு அடியில் ஒரே ஒட்டடை. கம்பிகளைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகினேன். ஒரு கம்பியின் முனை சும்மா தொங்கியது. இடம் காலியாக இருந்தது. ஒழுங்காக இருக்கட்டும் என்று அதையும் செருகிவிட்டேன்.

விடுமுறை முடிந்து திறந்த அன்று கட்டடம் முழுக்க ஒரு கணினியும் பேசவில்லை. சம்பளப் பட்டியல் கருவூலத்துக்குப் போகவேண்டிய நாள். மூன்று மாடியிலும் கூச்சல். மதியத்துக்குள் பொறியாளரிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கச் சொன்னார்கள். எழுதியவன் நான். "கடமையில் கவனக்குறைவு" என்ற சொற்களும் என்னுடையவைதான்.

அவன் மாடி மாடியாகக் கம்பிகளைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டே வந்தான். நாலு மணிக்கு என் மேசைக்கு அடியில் தவழ்ந்தான். ஒரு கம்பியை உருவினான். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் உயிர் பெற்றது.

ஒரே கம்பியின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகியிருந்தேன். அவன் எனக்கு மட்டும் கேட்கும்படி விளக்கினான்: "எல்லாருக்கும்னு ஒரு சர்குலர் போடறீங்க சார். அது ஊரெல்லாம் சுத்தி டெஸ்பாட்சுக்கே திரும்பி வருது. அவங்க புதுசுன்னு நினைச்சு மறுபடி எல்லாருக்கும் அனுப்பறாங்க. முடிவே இல்ல. வேற தபாலுக்கு வழியே கிடைக்காது."

மெமோவுக்கு அவன் கொடுத்த பதில் இரண்டு வரி. வலையமைப்பில் ஒரு வளையம் ஏற்பட்டிருந்தது, சரிசெய்யப்பட்டது. யார் மேசை, யார் கை என்று ஒரு சொல் இல்லை.

நான் ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். பென்ஷன் தாள்கள் நகர்ந்துகொண்டிருந்தன. வாயைத் திறந்தால் எனக்கொரு மெமோ வந்து எல்லாம் நின்றுவிடுமோ என்று பயம். சும்மா இருந்துவிட்டேன். அடுத்த ஜனவரியில் அவன் ஒப்பந்த நீட்டிப்புக் கோப்பு வந்தபோது அந்த மெமோ அதில் இருந்தது. ஓராண்டு நீட்டிப்பு மூன்று மாதமாகச் சுருங்கியது. அந்த மூன்று மாதத்தையும் முடிக்காமல் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். போகும்போது என் மேசைக்கு வந்து, "வரேன் சார்" என்றான். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "நல்லா இரு தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். அவள் கேட்டதற்கும் பதில் சொன்னேன். பட்டம் உள்ளே நுழைய. உள்ளே போனபின் வேண்டியது எது எங்கே இணைந்திருக்கிறது என்ற வரைபடமும், அதை எழுதி வைக்கும் பழக்கமும். இன்றைக்கு வேலை இன்னும் கடினம். 2022-இல் செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி, இணையத் தாக்குதல் போன்ற சம்பவம் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அறிக்கை தரவேண்டும். பதிவுகளை 180 நாள் பாதுகாக்கவேண்டும். எல்லாம் ஓடும்போது அவளை யாருக்கும் தெரியாது. நின்றால் மட்டும் எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எச்சரிக்கை எதுவானாலும் எழுத்தில் கொடு, நகல் வைத்துக்கொள், மறுத்தவர் நோட்டையும் சேர்த்து வை என்றேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த அண்ணன் நம்பர் இருக்கா தாத்தா?" என்றாள்.

என்னிடம் இல்லை. பழைய சகாக்கள் இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் முதலில் பேசப்போவது நான்தான்.