கோப்புக்கும் வில்லங்கம் உண்டு

காலநிலை மாதிரியின் தரவுக்கோப்பு ஒன்று கைக்கு வந்தால் நான் உடனே வரைபடம் போட்டுப் பார்ப்பதில்லை. முதலில் 'என்சிடம்ப்' கட்டளை கொடுத்து அதன் தலைப்பகுதியைப் படிப்பேன். எண்கள் எங்கும் ஓடிவிடாது. நெட்சிடிஎஃப் என்கிற இந்தக் கோப்பு வடிவம் அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள யூனிடேட்டாவில் 1980களின் இறுதியில் பிறந்தது. எண்ணும் அதைப் பற்றிய விவரமும் பிரியாமல் ஒரே கோப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. இது வெப்பநிலை, அலகு கெல்வின், நாட்கள் 1850 ஜனவரி 1 முதல் எண்ணப்பட்டவை என்று எல்லாம் அதற்குள்ளேயே எழுதியிருக்கும்.

அதில் நான் ஆசையோடு தேடுவது 'ஹிஸ்டரி' என்ற இடத்தை. ஹாம்பர்க் மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்தார் செய்த சிடிஓ கருவியால் ஒரு கோப்பை வெட்டினாலும் சராசரி எடுத்தாலும், என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன கட்டளை கொடுத்தோம் என்பதை அது தானாகவே அங்கே குறித்துவிடும். புதிய வரி மேலே, பழையது கீழே. அண்மையில் வந்த ஒரு மழைக்கோப்பின் அடிவரியில் தீர்க்கரேகை 76 முதல் 81 வரை, அட்சரேகை 8 முதல் 14 வரை வெட்டியிருந்தார்கள். தமிழ்நாடு அதற்குள் அடங்கிவிடும். அடுத்த வரியில் தினசரி மழையை மாதச் சராசரியாக்கியிருந்தார்கள். அதற்கும் மேலே 86400ஆல் பெருக்கல். சதுர மீட்டருக்கு விநாடிக்கு இத்தனை கிலோ என்றிருந்த மழை, நாளுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று மாறியிருந்தது. ஆனால் அலகு என்ற இடத்தில் பழைய அலகே நின்றது. சிடிஓ எண்ணைப் பெருக்குமே தவிர அலகின் பெயரை மாற்றாது. ஹிஸ்டரி வரி மட்டும் இல்லையென்றால் அடுத்துத் தொடுகிறவர் அந்த மழையை மறுபடியும் 86400ஆல் பெருக்கியிருப்பார். நிலம் வாங்குகிறவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது போலத்தான் இதுவும். மண் எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும் யார் யார் கை மாறி வந்தது என்று தெரிய வேண்டும்.

பைத்தானில் எக்ஸ்அரே என்ற நிரல்தொகுப்பு வந்தபின் வேலை எவ்வளவோ சுலபமாகிவிட்டது. ஆனால் இரண்டு மாறிகளைக் கூட்டினாலே அவற்றின் குறிப்புகளை அது நெடுங்காலம் உதிர்த்துக்கொண்டிருந்தது; ஹிஸ்டரியையும் தானாக எழுதாது. அதனால் சேமிக்கும் முன் அந்த வரியை நானே எழுதிச் சேர்க்கிறேன். கூட வேலை செய்யும் பிள்ளைகளிடமும் கேட்டு வாங்குகிறேன்.

இத்தனை பிடிவாதத்துக்குக் காரணம் ஒரு வாளி.

உலக வெப்பநிலையின் பழைய வரைபடத்தில் 1945 ஆகஸ்டில் ஒரு செங்குத்தான சரிவு இருந்தது. ஏறத்தாழ 0.3 டிகிரி. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த மாதம் என்பதால் மனம் அங்கேதான் போகும். ஆனால் நிலத்து வெப்பமானிகளில் அந்தச் சரிவே இல்லை, கடலில் மட்டும்தான். 2008இல் டேவிட் தாம்சனும் அவருடைய சகாக்களும் எல் நீனோ போன்றவற்றின் தாக்கத்தைக் கழித்துப் பார்த்துவிட்டு, அளந்த கப்பல்கள் எந்த நாட்டுக் கப்பல்கள் என்று தேடிப்போனார்கள். போர்க்காலத்துக் கடல் அளவீடுகளில் சுமார் 80 சதவீதம் அமெரிக்கக் கப்பல்களுடையவை. எஞ்சினைக் குளிரவைக்க உள்ளே இழுத்த நீரில் அவர்கள் வெப்பமானியை வைத்தார்கள். எஞ்சின் அறைச் சூட்டில் அளவு சற்றுக் கூடும். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு பாதியளவுக்கு ஏறிவிட்டது. அவர்கள் பெரும்பாலும் கித்தான் வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கி நீர் மொண்டார்கள். ஈர வாளி மேல்தளத்துக்கு வந்து சேர்வதற்குள் காற்றுப் பட்டு நீர் ஆறிவிடும். கடல் குளிரவில்லை, அளக்கிற கை மாறியிருந்தது. எந்த முறையில் அளந்தோம் என்று ஒவ்வொரு பதிவோடும் நான்கு எழுத்து சேர்த்திருந்தால் அறுபதாண்டுக் குழப்பம் இருந்திருக்காது என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. ஐகோட்ஸ் என்ற கடல் தரவுத் தொகுப்பில் பதிவுகளுக்கு இன்றும் 'டெக்' எண் இருக்கிறது. அந்தக் காலத்துத் துளையட்டைக் கட்டின் எண் அது. அட்டைகளின் காலம் போய்விட்டது. தரவு நாடாவுக்கும் பிறகு வட்டுக்கும் மாறியது. ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைத் தூக்கிப் போடாமல் கூடவே எடுத்துவந்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் ஹார்வர்டின் டுவோ சான், பீட்டர் ஹைபர்ஸ் குழுவினர் நாடு வாரியாக, கட்டு வாரியாகப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். 2019இல் ஒரு பழைய பிழை பிடிபட்டது. ஜப்பானியக் கப்பல்களின் 1930களின் அளவுகளை அட்டையில் ஏற்றியபோது தசமத்தை வெட்டியிருந்தார்கள், 25.8 வெறும் 25 ஆகியிருந்தது. அதையும், ஜெர்மன் கப்பல்களின் அளவுகள் சற்றுக் கூடுதலாக இருந்ததையும் திருத்தியதும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட அட்லாண்டிக்கும் வட பசிபிக்கும் வெவ்வேறு வேகத்தில் சூடேறியதாகத் தோன்றிய பெரிய வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிட்டது.