ஒயரை மறைக்கலாம், குறையை மறைக்கலாகாது

சங்கரன்கோவில் விசைத்தறிகளின் ஊர். இரவு வேலை முடித்து வீடு திரும்புவோருக்கும், பஜ்ர் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்லும் முதியோருக்கும் சைக்கிள் விளக்கு அலங்காரமன்று, உயிர்க்காவல். திருநெல்வேலி – இராஜபாளையம் சாலையில் விரைந்து வரும் லாரி ஓட்டுநருக்கு, முன்னே ஒரு மனிதர் செல்கிறார் என அறிவிப்பது பின்புறத்துச் சிறு சிவப்பொளியே. அந்த ஒளியோ மெல்லிய ஓர் ஒயரை நம்பியிருக்கிறது.

என் வாப்பா தறி வேலைக்குச் சென்றவர்கள். அவர்களுடைய சைக்கிளுக்கு டைனமோ பூட்டிக் கொடுத்தவர், எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். பள்ளி விடுமுறை நாட்களில் அவரருகே நின்று அந்த வேலையைக் கற்றேன். இன்று என் பிள்ளைகளின் சைக்கிள்களுக்கு நானே விளக்குப் பொருத்துகிறேன்.

டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் டைனமோ பொதுவாக 6 வோல்ட், 3 வாட் அளவினது. அதிலிருந்து விளக்குக்கு ஒரே ஒயர் போதும்; மின்சாரம் திரும்பிவரும் பாதையாகச் சைக்கிளின் இரும்புச் சட்டமே அமைகிறது. ஆகவே டைனமோவையும் விளக்கையும் பூட்டும் இடங்களில் பெயிண்டைச் சுரண்டி, இரும்போடு இரும்பு சேரச் செய்ய வேண்டும். அங்கே பெயிண்டு தடுத்தால், ஒயர் எத்தனை அழகாக ஓடினாலும் விளக்கு எரியாது.

தொங்கும் ஒயரில் கேரியரில் அமர்பவரின் துப்பட்டி மாட்டும். குழந்தையின் கால் சிக்கும். அதனால்தான் ஒயரை மறைக்கிறோம். ஹேண்டிலின் கழுத்திலிருந்து பெடல் அச்சை நோக்கிச் சாய்ந்திறங்கும் குழாயின் அடிப்புறம் அதற்கு ஏற்ற இடம். சாணுக்கு ஒரு கட்டுப் போட்டால் ஒயர் ஆடாது. பின்பகுதியில் செயின் ஓடாத இடப்புறமாகவே கொண்டுசெல்ல வேண்டும். ஒயரை உள்ளே நுழைப்பதற்காகக் குழாயில் துளையிடுவது தகாது. குழாய் வலுவிழக்கும், துளையின் விளிம்பு ஒயரின் உறையை அறுக்கும்.

ஹேண்டில் திரும்பும் இடத்தில் மட்டும் இறுக்கம் ஆகாது. ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, அதற்கு வேண்டிய தளர்வை விட்டே கட்ட வேண்டும். இல்லையேல் நாளடைவில் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். மேலுறையோ புதிதுபோல் இருக்கும்.

அந்தப் பெரியவர் ஒரு முறையில் உறுதியாக நின்றார். ஒட்டுப் போட்ட ஒயரைக் குழாயின் அடியில் வைத்துக் கட்டமாட்டார். ஒட்டு தவிர்க்க முடியாததானால், விளக்கின் அருகே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அமைத்து, உரியவரிடம் காட்டிவிடுவார். “மேல டேப்பைச் சுத்திட்டா யாருக்குத் தெரியும் பாய்?” என ஒருவர் கேட்டார். “ராத்திரி ரோட்டுல போறவருக்குத் தெரியும் தம்பி” என்றார் அவர்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என அவ்வணிகரிடம் வினவிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஈரம் மழையால் வந்தது. அது அவ்வணிகரின் குற்றமன்று. அதனை அடியில் வைத்ததே கண்டிக்கப்பட்டது. ஒயர் தேய்வதும் அறுவதும் அவ்வாறே இயல்பானவை. அறுந்ததை ஒட்டி, ஒட்டியதை எவரும் காணாவண்ணம் மூடி, புதியதெனக் கொடுப்பதே மோசடி.

பேட்டரியும் மோட்டாரும் பொருத்திய சைக்கிள்கள் பெருகிவரும் இந்நாளில் இப்பொறுப்பு இன்னும் கூடுகிறது. டைனமோ ஒயர் அறுந்தால் விளக்கு அணையும். பேட்டரி ஒயர்கள் உறை தேய்ந்து ஒன்றோடொன்று தொட்டாலோ தீப்பற்றக்கூடும். அங்கே பேட்டரியின் அருகிலேயே ஃபியூஸ் இருத்தல் வேண்டும். மறைத்த ஒயரையும் அவ்வப்போது அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையே ஈமானின் ஒரு கிளையெனக் கற்பிக்கும் மார்க்கம் நம்முடையது. அப்பாதையில் செல்பவருக்கு அணையாத விளக்கொன்றைப் பொருத்திக் கொடுப்பது சிறிய செயலாகுமா? இன்று மஃரிபுக்கு முன் உங்கள் வீட்டுச் சைக்கிளின் ஒயரை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நேர்மையுடன் உழைப்போராக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.