கண்ணுக்குத் தெரியாப் பகைவன்



நம் பாட்டன்மார் காடழித்து ரப்பர் நட்ட நாளில், பாம்பையும் புலியையும்விட அவர்களை மிகுதியாக மாய்த்தது குளிர்காய்ச்சலே. நாம் சிறுவராயிருந்தபோதும், காய்ச்சலில் நடுங்கியோரைக் 'காற்றுக் கருப்பு அண்டிவிட்டது' என்று மந்திரிக்க அழைத்துச் சென்றதைக் கண்டுள்ளோம். அண்டியது கருப்பன்று, கிருமி.

1897இல் ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். பெண் அனோபிலிஸ் கொசு கடிக்கையில் அக்கிருமி நம் குருதியில் புகும், ஈரலில் பெருகும், பின்னர்ச் சிவப்பணுக்களுள் நுழைந்து, அவற்றை உடைத்து வெளிவரும். அவ்வேளையிலேயே குளிரும் காய்ச்சலும் தோன்றும். 1901இல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்தார், காய்ச்சலும் தணிந்தது.

மலேசியாவில் உள்நாட்டு மனித மலேரியா 2018இல் சுழியமாயிற்று. ஆயினும், குரங்கிடமிருந்து கொசு கொணரும் மலேரியா இன்றும் உயிர் குடிக்கின்றது. ஆகவே, காட்டோரம் வேலை செய்யும் பெற்றோரே, பொழுது சாய்ந்தபின் கைகால்களை மூடிக்கொள்ளுங்கள். காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனை சென்று குருதியைச் சோதித்துக்கொள்ளுங்கள். மாணவர்களே, இதனை வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

வேப்பிலை மனத்தைத் தேற்றலாம். கிருமியைக் கொல்வது மருந்தே.